உஷார்! நிச்சயதார்த்த மோதிரம் விரலை விட்டு நழுவினால் இன்ஷூரன்ஸ் வராமல் போகலாம்!

வீட்டில் நிச்சயதார்த்தமா? மோதிரம் வாங்கியாச்சா? முதலில் அந்த பில்லை எடுங்கள். 'ஒரு வருட இன்ஷூரன்ஸ் இலவசம்' என்று கடைக்காரர் சொன்னதை நம்பி நிம்மதியாக இருக்கிறீர்களா? ஆபத்தே அங்கேதான்!

மும்பை மாட்டுங்காவில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெண்ணுக்குச் சமாஜ ஹாலில் நிச்சயம் நடந்தது. விரலில் வைர மோதிரம், ஒரு சுற்று தளர்வு. "கல்யாணத்துக்குள்ள சரி பண்ணிக்கலாம்டி" என்று விட்டுவிட்டார்கள். ஒரு மழை நாள் சாயங்காலம், தாதரில் லேடீஸ் டப்பாவில் நெருக்கியடித்து ஏறி, மாட்டுங்காவில் இறங்கினாள். ஈரக் குடையை மடக்கும்போதுதான் பார்த்தாள். விரல் வெறுமையாக இருந்தது!

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று கடைக்கு ஓடினார்கள். "கொள்ளை, திருட்டு, தீ விபத்துக்குத்தான் கிடைக்கும். தானா விழுந்தா கிடையாது" என்று பதில் வந்தது. பைசா பெயரவில்லை.

அப்போது ஒருவர் சொன்ன யோசனையைக் கேட்டால் வயிறு கலங்கும். "யாரோ பறிச்சுண்டு போயிட்டான்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்துடுங்கோ மாமி." அம்மா, தாயே, அந்தப் பக்கமே போகாதீர்கள்! போலீஸில் பொய்ப் புகார் கொடுப்பது குற்றம். இன்ஷூரன்ஸ் கம்பெனி கண்டுபிடித்தால் க்ளெய்ம் மொத்தமும் ரத்து. கல்யாணப் பெண் ஸ்டேஷன் படி ஏற வேண்டுமா? நல்லவேளை, அந்தப் பெண்ணே மறுத்துவிட்டாள்.

திருட்டு வேறு, தொலைவது வேறு. எப்படிப் போனது என்றே சொல்ல முடியாத இழப்பைப் பல பாலிசிகள் ஏற்பதே இல்லை. 'ஆல் ரிஸ்க்' கவர் என்று தனியாகக் கேட்டு எடுங்கள். அதிலும் தற்செயலாகத் தொலைவது உண்டா, வீட்டுக்கு வெளியே செல்லுமா, கல் மட்டும் விழுந்தால் தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது!

'வீட்டு இன்ஷூரன்ஸ்தான் இருக்கே' என்கிறீர்களா? 2021 ஏப்ரலில் வந்த பாரத் க்ருஹ ரக்ஷா பாலிசியில் நகைக்குத் தனியாகக் கூடுதல் கவர் எடுக்க வேண்டும். அடிப்படைக் கவரில் தீ, வெள்ளம் மாதிரி விபத்தை ஒட்டி 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும்தான் பணம். பூட்டை உடைத்துத் திருடினால் அதில் வராது.

லாக்கரும் முழுக் காவல் இல்லை. வங்கியில் தீயோ திருட்டோ நடந்தால், ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான் வங்கியின் பொறுப்பு. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் அலட்சியம் இல்லாத வரை, அதுவும் கிடையாது. மழைக்கு மும்பை கிங்ஸ் சர்க்கிள் எப்படி மிதக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

இவையெல்லாம் அபாய அறிகுறிகள்: கையில் பாலிசி இல்லை, பில் மட்டும்தான். இலவச வருடம் முடிகிற தேதி தெரியாது. மோதிரம் சோப்பு போட்டால் கழன்று வருகிறது. வைரச் சான்றிதழும் மோதிரமும் ஒரே டப்பாவில் இருக்கின்றன, போனால் இரண்டும் போகும். மதிப்பு பழைய விலையில் நிற்கிறது. 2025-இல் 10 கிராம் தங்கம் லட்சத்தைத் தாண்டியதே! 2 லட்ச ரூபாய் மோதிரத்தை 1 லட்சத்துக்கு இன்ஷூர் செய்திருந்தால், பல பாலிசிகளில் 40,000 ரூபாய் சேதத்துக்கு 20,000தான் கிடைக்கும்.

தொலைந்துவிட்டால் அன்றே போலீஸிலும் கம்பெனியிலும் சொல்லுங்கள். ரயிலில் என்றால் ரயில்வே போலீஸ். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கம்பெனி அநியாயமாக மறுத்தால் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் 155255 எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

இன்றைக்கே மோதிரத்தை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஹால்மார்க்கில் உள்ள 6 எழுத்து எச்.யு.ஐ.டி எண்ணைக் குறித்து வையுங்கள். தளர்வு இருந்தால் கல்யாணம் வரை காத்திருக்காமல், நாளைக் காலையிலேயே பொற்கொல்லரிடம் போய் இறுக்கிவிடுங்கள்.