உரைக்குள் ஒளிந்த கொலை

விளாதிமிர் நபக்கோவின் ‘பேல் ஃபயர்’ 1962இல் வெளிவந்தது. பிரித்துப் பார்த்தால் நாவல் போலவே இருக்காது. ஒரு முன்னுரை, 999 வரிகளில் ஒரு நெடுங்கவிதை, கவிதையைவிடப் பல மடங்கு நீண்ட உரை, கடைசியில் பெயரடைவு. கவிதை ஜான் ஷேட் என்ற அமெரிக்கப் பேராசிரியருடையது. மற்றதெல்லாம் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் சார்லஸ் கின்போட் எழுதியது. இருவருமே நபக்கோவின் கற்பனை.

ஏரியில் மூழ்கி இறந்த மகள் ஹேஸலை நினைத்து, சாவுக்குப் பிறகு ஏதாவது உண்டா என்று கேட்கிறார் ஷேட். கின்போட்டின் காதில் அது விழுவதே இல்லை. எந்த வரியைத் தொட்டாலும் ஸெம்ப்லா என்ற வடநாட்டுக்கும், புரட்சியில் தப்பியோடிய அதன் அரசனுக்கும் போய்விடுகிறார். அந்த அரசன் தானே என்று கொஞ்சம் கொஞ்சமாக உணர்த்துகிறார். தன்னைக் கொல்ல வந்த கிராடஸ் என்பவன் குறி தவறி ஷேட்டைச் சுட்டுவிட்டான் என்பது அவர் சொல்லும் கதை.

இந்த நாவலின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. கின்போட் தந்திரக்காரர் அல்ல. சொல்வதை முழுக்க நம்புகிறவர். அதனால் தனக்கு எதிரான தடயங்களையும் அவரே எழுதி வைக்கிறார். அவர் குடியிருப்பது கோல்ட்ஸ்வொர்த் என்ற நீதிபதியின் வீடு. அந்த நீதிபதி தண்டித்தவர்களின் படங்கள் ஒட்டிய ஆல்பம் ஒன்று அங்கே இருந்ததாகவும், அதில் ஒரு கொலைகாரன் கிராடஸின் சாயலில் இருந்ததாகவும் உரையின் முற்பகுதியிலேயே போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். ஷேட்டைச் சுட்டுப் பிடிபட்டவன் தன் பெயரை ஜாக் கிரே என்று சொன்னது கடைசிக் குறிப்பில்தான் வருகிறது. இடையில் நூற்றுக்கணக்கான பக்கங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது வாசகரின் வேலை: மனநலக் காப்பகத்திலிருந்து தப்பிய ஒருவன், தன்னை உள்ளே தள்ளிய நீதிபதியைத் தேடி அந்த வீட்டுக்கு வந்திருக்கிறான்; அங்கே வந்த ஷேட்டை அவரென்று நினைத்துச் சுட்டிருக்கிறான். ஸெம்ப்லாவுக்கும் கொலைக்கும் தொடர்பே இல்லை.

இன்னொரு தடயம் புத்தகத்துக்கு வெளியே கிடக்கிறது. கவிதையின் தலைப்பை ஷேட் ஷேக்ஸ்பியரிடமிருந்து எடுத்தார். எந்த நாடகம் என்று கின்போட்டுக்குத் தெரியாது. தன்னிடம் இருப்பது ‘டைமன் ஆஃப் ஏதன்ஸ்’ ஸெம்ப்லா மொழியில் மட்டுமே, அதில் அப்படி எதுவும் இல்லை என்கிறார். ஆங்கில மூலத்தின் நான்காம் அங்கத்தைப் புரட்டினால், அந்தத் தொடர் அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் கின்போட் யார்? பெயரடைவில் போட்கின் என்ற ரஷ்ய வம்சாவளி அறிஞர் தலைகாட்டுகிறார். அவர்தான் கின்போட், நாடிழந்த அவருடைய தனிமைதான் ஸெம்ப்லாவைக் கற்பனை செய்தது என்று படிக்க இடமிருக்கிறது. கின்போட்டையே ஷேட்தான் படைத்தார் என்போரும் உண்டு. நபக்கோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பிரையன் பாய்டும் முதலில் அந்தக் கட்சியில் இருந்தார். பிறகு 1999இல் இந்த நாவலுக்கென்றே ஒரு நூல் எழுதித் தன் நிலையை மாற்றிக்கொண்டார். போட்கின் வாசிப்பே எனக்கு நெருக்கமானது. அப்படிப் படிக்கும்போது, மகளை இழந்த தகப்பனும் நாட்டை இழந்த மனிதரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் ஒருவர் துக்கம் மற்றவரைச் சென்று சேரவில்லை என்பது புரிகிறது.

குறிப்புகளை முதலில் படியுங்கள் என்கிறார் கின்போட். கேட்க வேண்டாம். கவிதையை முதலில், ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். ஹேஸலின் கதையை ஒரு முறையாவது குறுக்கீடு இல்லாமல் கேட்க வேண்டும். பிறகு உரைக்குப் போகலாம்.