பலூனுக்கும் பள்ளியில் தடையா? ரப்பர் பாலும் ஒவ்வாமையும்

திருவனந்தபுரத்தின் பேரூர்க்கடையில் 1969 ஏப்ரல் 5ஆம் நாள் ஒரு தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. குடும்பநலத் திட்டத்திற்கு வேண்டிய ஆணுறைகளை உள்நாட்டிலேயே செய்வதற்காக மத்திய அரசு 1966இல் நிறுவிய ஹிந்துஸ்தான் லேட்டக்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை அது. இன்று அந்நிறுவனத்தின் பெயர் எச்.எல்.எல். லைஃப்கேர். கேரளத்தின் மலைச்சரிவுகளிலும், அதனை அடுத்த கன்னியாகுமரி மாவட்டத்தின் கீரிப்பாறைப் பகுதியிலும் விடியற்காலையில் வெட்டி எடுக்கப்படும் ரப்பர் பால் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. அப்பாலிலுள்ள புரதங்கள் சில குழந்தைகளின் உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடும் என்பதும், அதன் பொருட்டு அமெரிக்கா முதலிய நாடுகளில் மருத்துவமனைகளும் பள்ளிகளும் ரப்பர் பலூனை விலக்கி வைத்திருக்கின்றன என்பதும், ரப்பர் விளையும் நம் பகுதியில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர், பெரும்பகுதி நீர். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே புரதம். இப்புரதங்களுள் பதினைந்துக்குக் குறையாதவை ஒவ்வாமையைத் தூண்டுவனவாக இனங் காணப்பட்டுள்ளன. அவற்றை ஒருவரது உடல் பகையெனக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கிக் கொண்டுவிட்டால், அடுத்த முறை படும்போது தோலில் தடிப்பு, தும்மல், மூச்சிரைப்பு ஆகியன தோன்றும். கடுமையான நிலையில் இரத்த அழுத்தம் சடுதியில் வீழ்ந்து, சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து நேரும்.

இத்தகைய உடனடி ஒவ்வாமை மருத்துவ ஏடுகளில் தெளிவாக இடம் பெறலாயிற்று 1979க்குப் பின்னரே. எய்ட்ஸ் நோய் குறித்த அச்சத்தால் 1987 முதல் மருத்துவமனைகளில் கையுறைப் பயன்பாடு பன்மடங்கு பெருகியது. கையுறை எளிதில் நுழையும் பொருட்டுத் தூவப்பட்ட மாவுத்தூள் புரதத்தைச் சுமந்து காற்றில் பரவியது. அணியாதவர்களும் அதனைச் சுவாசித்தனர். 1991இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. தூளிட்ட கையுறைகளுக்கு 2017 ஜனவரி முதல் அந்நாடு தடையே விதித்துவிட்டது.

குழந்தைகளுள் மிகுதியாகப் பாதிக்கப்படுவோர் முதுகுத்தண்டுப் பிளவு என்னும் பிறவிக் குறையுடையோர் ஆவர். பிறந்த நாள் தொட்டு அறுவை சிகிச்சைகளும் சிறுநீர்க் குழாய்களும் அவர்களது உடலை ரப்பருடன் ஓயாது உறவாட வைக்கின்றன. பழைய ஆய்வுகள் சிலவற்றில் இவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் ரப்பருக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்பட்டது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) இக்குழந்தைகள் ஏனையோருடன் ஒரே பள்ளியில் கற்க வழி செய்கிறது. ஆகவே, ஆண்டு விழாவிற்குத் தோரணமாகக் கட்டப்படும் பலூன் யாரை உள்ளே விடாமல் தடுக்கிறது என்ற கேள்வி வகுப்பாசிரியர் வரை வந்து சேர்கிறது.

எதனை விலக்குவது?

ரப்பர் என்றவுடன் எல்லாவற்றையும் அஞ்ச வேண்டுவதில்லை. பாலைப் புளிக்காடி சேர்த்து உறைய வைத்து, கழுவி, ஷீட்டாக அழுத்திப் புகையிட்டுப் பின் வெப்பத்தில் வார்க்கப்படும் பொருள்களில் புரதம் மிகக் குறைவாகவே எஞ்சுகிறது; டயர், காலணியின் அடிப்பாகம் போன்றவை இவ்வகையின. அச்சினைப் பாலில் தோய்த்தெடுத்துச் செய்யும் மெல்லிய பொருள்களிலேயே புரதம் மிகுதி. கையுறையும் பலூனும் இவ்வகையின. பலூன் வாயில் வைத்து ஊதப்படுவது. வெடித்தால் துகள் காற்றில் கலப்பது. எனவே ஒவ்வாமையுள்ள குழந்தை பயிலும் பள்ளியில் பலூனை விலக்கி, காகிதத் தோரணம் கட்டுவது பொருத்தமே. சத்துணவுக் கூடத்திலும் முதலுதவிப் பெட்டியிலும் நைட்ரைல் கையுறை போதும். பேருந்து டயரைப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம்.

கேரளத்தார் கருத்தில் கொள்ள வேண்டிய மற்றொரு செய்தி, ரப்பர் ஒவ்வாமையுடையோர் பலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்வதில்லை என்பது. ரப்பர் பாலின் ஹெவின் என்னும் புரதத்தை ஒத்த அமைப்பு வாழை, வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றின் புரதங்களிலும் இருப்பதே காரணம். நேந்திரம்பழம் இல்லாத காலையுணவை எண்ணிப் பார்க்கவும் இயலாத ஊரில், அதனைப் பள்ளியிலிருந்து விலக்குக என்று யார் ஆணையிடுவது?

உணவுத் தடையில் மேலைநாடுகளின் பட்டறிவு நமக்குப் பயன்படும். நிலக்கடலையை முற்றாகத் தடை செய்த பள்ளிகளில் அட்ரினலின் ஊசி போட நேர்ந்த அளவு, தடை செய்யாத பள்ளிகளைவிடக் குறையவில்லை என மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேற்கொண்ட ஆய்வொன்று 2017இல் காட்டியது. கடலை இல்லாத தனி மேசை வைத்த பள்ளிகளிலேயே அவ்வளவு குறைந்திருந்தது. 2021இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகளும் ஒட்டுமொத்தத் தடையைக் காட்டிலும் ஆசிரியர் பயிற்சியையும், அவசரகாலத் திட்டத்தையும், பள்ளியிலேயே மருந்து இருப்பதையுமே பரிந்துரைத்தன. கடலையும் முட்டையும் மலிவான புரதமாக விளங்கும் நம் நாட்டில், ஒரு குழந்தையின் பொருட்டு நூறு குழந்தைகளின் சத்துணவில் கைவைப்பது நியாயமாகாது. அந்த ஒரு குழந்தைக்கு வேறு உணவு சமைத்துத் தருவதே முறை.

மருந்து அரியதன்று. அட்ரினலின் விலை மலிந்தது; ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பது. தொடையின் வெளிப்புறத் தசையில் குழந்தையின் எடைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வீதம், 0.3 மில்லிகிராமுக்கு மிகாமல் உடனே செலுத்துதல் வேண்டும். தடுப்பூசிப் பணியில் ஈடுபடும் கிராமச் செவிலியர் ஒரு வேளை அட்ரினலின் செலுத்த அனுமதி உண்டு. பள்ளியில் அவ்வசதி செய்ய இயலாதவிடத்து, அருகிலுள்ள சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண்ணையும் வாகன ஏற்பாட்டையும் தலைமையாசிரியர் அறையில் எழுதி வைத்திருப்பது குறைந்தபட்சத் தேவை. ஒவ்வாமையை அடக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்தானது. அது அட்ரினலினுக்கு ஈடாகாது.

உற்பத்தியாளர் தரப்பிலும் வழியுண்டு. தோய்த்தெடுத்த பொருளை வெந்நீரில் நன்கு அலசுவதாலும் குளோரின் கொண்டு பதப்படுத்துவதாலும் புரதம் பெருமளவு நீங்குகிறது. புரதம் நீக்கிய ரப்பரும் உண்டு. தூளற்ற, புரதம் குறைந்த கையுறைகள் புழக்கத்திற்கு வந்த நாடுகளில் மருத்துவப் பணியாளரிடையே புதிய ஒவ்வாமை கணிசமாகக் குறைந்தது. ரப்பரை வெறுக்காமலே இடரைக் குறைக்க இயலும் என்பதற்கு இது சான்று.

பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் இரு வினாக்களைச் சேர்க்கலாம். குழந்தைக்கு முன்னர் அறுவை சிகிச்சை நடந்துள்ளதா? பலூன் ஊதும்போதோ வாழைப்பழம் உண்ணும்போதோ உதடு தடித்தது உண்டா? ‘உண்டு’ என்னும் விடை வந்தால், அக்குழந்தையின் பெற்றோரையும் மருத்துவரையும் கலந்து பேசிய பிறகே அவ்வகுப்பில் எதனை விலக்குவது என்று முடிவு செய்தல் வேண்டும்.