கணக்குக் கேட்கும் குடிகளும் கண்காணிக்கும் சர்க்காரும்

1994-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ராஜஸ்தானத்துப் பாலி ஜில்லாவிலுள்ள கோட் கிரானா என்னும் கிராமத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் சங்கத்தார் தங்களது முதல் பொது விசாரணையைக் கூட்டிப் பஞ்சாயத்துக் கணக்கை ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்தார்கள். பின்னர் ஊர் ஊராக நடந்த இத்தகைய விசாரணைகளில், மாண்டவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களுங்கூடக் கூலி வாங்கியதாகப் பட்டியலில் எழுதப்பட்டிருந்த அநியாயம் வெளிவந்தது. 1996-இல் அதே ராஜஸ்தானத்துப் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்த அந்த ஏழை ஜனங்களின் வைராக்கியமே, 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு ஆதாரமாயிற்று.

கேட்பதற்கு முன்பே சர்க்கார் தன் தஸ்தாவேஜுகளை வெளியிட வேண்டும் என்பது அச்சட்டத்தின் நான்காம் பிரிவு. பதினான்கு வருஷங் கழித்து, 2019 செப்டம்பரில், ராஜஸ்தான சர்க்கார் 'ஜன் சூச்னா' என்ற இணையதளத்தைத் திறந்தபோதுதான் அப்பிரிவுக்கு அம்மாநிலத்தில் உண்மையான ஜீவன் வந்தது. தன் ரேஷன் அட்டைக்கு எத்தனை கிலோ கோதுமை கொடுத்ததாகக் கடைக்காரர் பதிந்திருக்கிறார் என்பதை, மனுப் போடாமலும் குமாஸ்தாவின் தயவை நாடாமலும் ஒரு கூலிப் பெண் அறியமுடிவது சாமானியமான மாறுதலன்று.

ஆயினும் அதே இணையம் எதிர்த் திசையிலும் பார்க்கிறது. 2023 ஜனவரி முதல், நூறு நாள் வேலைத் தலங்களில் தினம் இருமுறை தொழிலாளர்களைப் படம் பிடித்துச் செல்பேசிச் செயலியில் ஏற்றுவது கட்டாயமாயிற்று. சிக்னல் கிடைக்காமற்போனால், வெயிலில் மண் சுமந்தவளின் கூலிக்கே ஆபத்து. போட்டிப் பரீட்சை நாட்களில் ஜில்லா ஜில்லாவாக இணையத்தை நிறுத்திவைத்ததும் இதே ராஜஸ்தானம்தான்.

இவற்றினும் பெரிய கேடு, 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் செய்த திருத்தம். பொதுக் காரியத்தோடு சம்பந்தமற்றதோ அந்தரங்கத்தில் நியாயமின்றித் தலையிடுவதோ ஆன தனிப்பட்ட தகவலை மட்டுமே மறுக்கலாம் என்றிருந்த வரம்பு நீங்கி, தனிநபர் தகவல் என்ற ஒரே காரணத்தால் மறுக்க இடமேற்பட்டது. பெயர்களை மறைத்துவிட்டால், மாண்டவர் கூலி வாங்கிய மோசடியை எவரால் கண்டுபிடிக்க இயலும்?

நீக்கிய வாசகத்தைப் பார்லிமெண்டு மீண்டும் சேர்ப்பதே நியாயம். அதுவரையில், அவரவர் ஊர்க் கிராம சபையில் வேலைப் பட்டியலைப் பெயர்களோடு படிக்கச் சொல்லுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.