மிருகசீரிடம் பிறக்கும் நாள்

கோடை விடுமுறை என்றவுடன் நம் தமிழ் மாணவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது இரயில் சீட்டு. தேர்வு முடிந்த மறுநாளே பெட்டியும் படுக்கையுமாகச் சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறோம். ஆராய்ச்சிக்காகவும், போட்டித் தேர்வுக்காகவும், சீட்டுக் கிடைக்காத காரணத்தாலும் தங்கிவிடுகிற சிலரோ, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மின்விசிறியோடு குடும்பம் நடத்துகிறார்கள். "கோடையில் ஐதராபாத்தில் என்ன இருக்கிறது?" என்பது இரு சாராரும் கேட்கும் கேள்வி. கோடையின் கடைசி நாள் என்று இந்த ஊரார் கருதும் ஒரு நாளைப் பற்றிச் சொன்னாலே அதற்கு விடை கிடைத்துவிடும். அந்த நாள் மிருகசீரிடம் பிறக்கும் நாள். ஜூன் 7 அல்லது 8-ஐ ஒட்டி வருவது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வான வட்டத்தை நம் முன்னோர் இருபத்தேழு நட்சத்திரங்களாகப் பகுத்தனர். திங்கள் ஒரு நட்சத்திரத்தை ஏறக்குறைய ஒரு நாளில் கடக்கும். ஞாயிறு கடக்கப் பதின்மூன்று அல்லது பதினான்கு நாள் ஆகும். திங்களின் நட்சத்திரத்தை நாம் நாள்தோறும் நாட்காட்டியில் பார்க்கிறோம். ஞாயிற்றின் நட்சத்திரத்தையோ பெரும்பாலும் கவனிப்பதில்லை. தெலுங்கு உழவர் கவனிக்கிறார். ஞாயிறு ஒரு நட்சத்திரத்தில் தங்கும் காலத்தை அவர் 'கார்த்தெ' என்பார். விதைப்பும் களையெடுப்பும் அந்தக் கணக்கில்தான் நடந்துவந்தன. கேரளத்தில் இதுவே 'ஞாற்றுவேலை'. மராட்டியத்திலும் மிருக நட்சத்திரம் பிறந்தால்தான் விதைப்புப் பேச்சு எழும்.

நம்மிடம் இந்தக் கணக்கு அறவே இல்லை என்று எண்ண வேண்டா. கத்திரி வெயில் என்று அஞ்சுகிறோமே, அதுவும் ஞாயிற்று நட்சத்திரக் கணக்குத்தான். பரணியின் மூன்றாம் பாதத்தில் தொடங்கி, கார்த்திகை முழுவதும் ஓடி, ரோகிணியின் முதற் பாதத்தில் அக்கினி நட்சத்திரம் முடிகிறது. சித்திரை இருபத்தொன்றில் தொடங்கி வைகாசி நடுவில் விடைபெறும். ஆனால் நமக்கு வெயில் தணியத் தொடங்கும் அந்த ரோகிணியில்தான் தெலுங்கு நாட்டார்க்கு உச்ச வெயில் தொடங்குகிறது! ரோகிணிக் கார்த்தெயில் கல்லுரலும் பிளக்கும் என்பது அவர்கள் பழமொழி. ஊரிலிருந்து திரும்பிய நண்பர்கள், "கத்திரிதான் முடிந்துவிட்டதே" என்ற நம்பிக்கையில் நடுப்பகலில் குடையின்றிப் புறப்பட்டு, மாலையில் தலைவலித் தைலம் தேடுவதன் காரணம் இதுவே. ஐதராபாத்தில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 45.5 பாகை செல்சியஸ். பதிவான நாள் 1966 ஜூன் 2. ரோகிணியின் நடுப்பகுதி அது! பழமொழிக்கு வெப்பமானி சாட்சி சொல்லிவிட்டது.

இனி, அந்தக் கோடையில் உஸ்மானியா வளாகமும் அதைச் சூழ்ந்த அடிக்மெட், வித்யாநகர், தார்நாக்கா, இராம்நகர்ப் பகுதிகளும் எவ்வாறு இயங்குகின்றன என்று காண்போம். பொழுதை வகுப்பவர் பதிவாளர் அல்லர், கதிரவன். விடியல் ஐந்து மணிக்கே வளாகத்துச் சாலைகள் நடைப் பயிற்சியாளர்களால் நிரம்பிவிடும். ஓய்வு பெற்ற அலுவலர்களும் வீட்டுப் பெண்டிரும் இணை இணையாக நடப்பர். வெறுந்தரையாகக் கிடக்கும் மைதானங்களில் ஒரே நேரத்தில் பல கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கும். ஒரு குழுவின் எல்லைக்கோட்டில் மற்றொரு குழுவின் விக்கெட் நிற்கும். பந்து யாருடையது என்ற வழக்கைத் தெலுங்கிலும் தக்காண உருதுவிலும் ஒருசேரக் கேட்டு மகிழலாம். ஒன்பது மணிக்குள் எல்லாம் கலைந்துவிடும். பிறகு மர நிழல்களில் போட்டித் தேர்வு மாணவர்கள் புத்தகங்களோடு தங்கிவிடுவர். அவர்களுக்கு விடுமுறை ஏது?

சாலையோரத்தில் முஞ்சலு விற்பவர் அமர்ந்திருப்பார். பெயரைக் கேட்டு மயங்க வேண்டா; அது நம் நுங்குதான். சந்தையில் மாங்காய் வெட்டுவோர் பெரிய அரிவாள்மணைகளோடு வரிசையாக உட்கார்ந்திருப்பர். ஆவக்காய் ஊறுகாய்க்கு மாங்காயைக் கொட்டை ஓட்டோடு துண்டாக்க வேண்டும். வீட்டுக் கத்திக்கு அது அடங்காது. ஆகவே மாங்காயை அங்கேயே வாங்கி, அங்கேயே கூலி கொடுத்து வெட்டிக்கொள்வது வழக்கம். அந்த வரிசையில் நின்றால் ஒரு தெருவின் செய்திகள் முழுவதையும் அறிந்துகொள்ளலாம்.

யாவற்றினும் நம் கவனத்துக்குரியது சலிவேந்திரம். 'சலி' என்றால் தெலுங்கில் குளிர். நம் தண்ணீர்ப் பந்தலேதான். நாலு மூங்கிற் கால், மேலே தென்னங்கீற்றோ துணியோ, உள்ளே மணற்படுக்கையில் ஈரத்துணி சுற்றிய மண்பானைகள். மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. காற்று உலர்ந்திருந்தால் ஆவியாதல் விரையும். கடலோரச் சென்னையின் ஈரக் காற்றில் பானைத் தண்ணீர் ஓரளவே குளிர்கிறது. தக்காணத்தின் வறண்ட காற்றில் பல் கூசும் அளவுக்குக் குளிர்வதன் இரகசியம் இதுதான். சங்கத்தாரும், கட்சிக்காரரும், கடைக்காரரும், வணிகக் குழுவினரும் இவற்றை வைக்கின்றனர். சிலர் மோரும், சிலர் கேழ்வரகில் காய்ச்சிய அம்பலியும் தருகின்றனர். பெயர்ப் பலகை தண்ணீர்ப் பானையை விடப் பெரிதாக இருக்கும் பந்தலும் உண்டு. இருக்கட்டுமே, தண்ணீர் குளிர்ந்ததா என்பதுதானே தாகமெடுத்தவன் கேள்வி!

இவ்வாறு ரோகிணி கழிந்து மிருகசீரிடம் பிறக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று தெலங்கானத்தை எட்டும் காலமும் ஏறக்குறைய இதுவே. நமக்கு இந்த நாள் பெரிதாகத் தோன்றாததற்கும் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்புறத்தில் கொட்டிவிட்டு வருவதால், தமிழகச் சமவெளிக்கு அதில் பெரும்பங்கு இல்லை. நம் மழை ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் உரியது. எனினும் அந்தக் காற்று நம்மை முற்றிலும் மறக்கவில்லை. மேட்டூர் அணையை வழக்கப்படி திறக்கும் நாள் ஜூன் 12. குடகில் பெய்யப் போகும் மழையை நம்பி வகுத்த நாள் அது. மிருகசீரிடத்துக்கும் அதற்கும் இடைவெளி நாலைந்து நாளே. இங்கே வானத்தைப் பார்க்கிறார்கள். நாம் வாய்க்காலைப் பார்க்கிறோம்.

அன்றைக்கு இந்த நாட்டார் மீன் உண்பர். வெப்பம் தணிந்து ஈரம் புகும் பருவ மாற்றத்தில் உடம்புக்குச் சூடு வேண்டும், அதற்கு மீன் நல்லது என்பது வழிவழி வந்த எண்ணம். மீன் உண்ணாதார் பெருங்காயத்தை வெல்லத்தோடு சேர்த்து உருட்டி உண்பர். அன்று விடியலில் நம் வளாகத்துக்கு அருகே உள்ள இராம்நகர் மீன் அங்காடிக்குப் போய்ப் பாருங்கள். காலெடுத்து வைக்க இடமிராது. எல்லாரும் கேட்பது கொர்ரமீனு. நம் ஊர் விரால். தெலங்கானத்தின் மாநில மீன் என்ற தகுதியும் அதற்கு உண்டு. நீர் கொஞ்சமே உள்ள தொட்டியில் அது உயிரோடு துள்ளுவதைக் காணலாம். செவுளோடு, காற்றை நேரே உட்கொள்ளும் அறையும் அதன் தலையில் இருப்பதால், மற்ற மீன்கள் மடியும் இடத்தில் விரால் பிழைத்திருக்கும். விலையும் அன்று துள்ளும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதே நாளில் நாம்பள்ளிப் பொருட்காட்சித் திடலில் வேறொரு கூட்டம் கூடுகிறது. ஆஸ்துமா என்னும் இழுப்பு நோயுடையோர் இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் வருகின்றனர். பத்தினி குடும்பத்தார் என்று அறியப்படும் கௌடு குடும்பத்தினர், இரண்டு மூன்று அங்குல விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிறப் பசை ஒன்றை வைத்து, அதை உயிரோடு நோயாளியின் தொண்டைக்குள் செலுத்துகின்றனர். மீன் ஆகாதவர்க்கு வெல்லத்தில் வைத்துத் தருவர். 1845-இல் தம் முன்னோர் வீரண்ண கௌடுக்குத் துறவி ஒருவர் இம்முறையைக் கற்பித்தார் என்றும், காசு வாங்காமல் தரவேண்டும் என்பதே அவர் இட்ட கட்டளை என்றும் அக்குடும்பத்தார் கூறுகின்றனர். முன்பு பழைய நகரின் தூத் பௌலியில் உள்ள அவர்கள் இல்லத்தில் நடந்தது, கூட்டம் பெருகியதால் திடல்களுக்கு மாறியது. பசைக்குக் கட்டணம் இல்லை. மீன் குஞ்சை மட்டும் அரசின் மீன்வளத் துறையினர் விற்கும் இடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கொரோனாவால் 2020 முதல் மூன்றாண்டு நின்று, 2023 ஜூனில் மீண்டும் நடந்தது.

திடலைப் பற்றி ஒரு சொல். தை மாசியில் நாம் கூட்டமாகப் போய் வளையலும் அல்வாவும் வாங்கி வரும் 'நுமாயிஷ்' நடக்கும் இடம் அது. அந்தப் பொருட்காட்சியை 1938-இல் பொதுப் பூங்காவில் தொடங்கியவர்கள் நம் உஸ்மானியாப் பட்டதாரிகள். 1946-இல் அது இப்போதைய திடலுக்கு வந்தது. உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு 1918-இல் பிறந்த பல்கலைக் கழகம், இருபதாண்டு நிறைவதற்குள் நகருக்கு ஒரு திருவிழாவையே தந்துவிட்டது. ஆண்டுக்கொரு முத்தமிழ் விழா நடத்தவே மூச்சு வாங்கும் நம் மன்றத்தார் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, தயங்காமல் பேச வேண்டிய செய்தி. மீன் மருந்து இழுப்பைப் போக்குமா? மருத்துவ அறிவியல் ஏற்கத்தக்க சான்று எதுவும் இல்லை. பசையின் சேர்மானம் குடும்ப இரகசியம். ஒரே கை பல வாய்களுக்குச் செல்வதைத் தூய்மை கருதி மருத்துவர்கள் எதிர்க்கின்றனர். 'ஜன விஞ்ஞான வேதிக' என்னும் மக்கள் அறிவியல் இயக்கத்தார் நீதிமன்றம் வரை சென்று வாதாடினர். 'மீன் மருந்து' என்ற பெயர் தேய்ந்து 'மீன் பிரசாதம்' ஆனது இத்தகைய எதிர்ப்புக்குப் பிறகே. பெயர் மாறியதே ஒரு வகையில் ஒப்புதல் என்பது என் கருத்து. பிரசாதம் என்றால் யாரும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பமாட்டார்கள் அல்லவா?

ஆனாலும் அங்கே வரிசையில் நிற்பவரை எள்ளி நகையாடுவது எனக்கு உடன்பாடன்று. இரவெல்லாம் மூச்சுக்கு ஏங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இரண்டு நாள் இரயிலில் வந்தவளிடம் நாம் என்ன சொல்லப் போகிறோம்? இழுப்பு என்பது மூச்சுக் குழல்களின் உட்சுவர் வீங்கிக் குறுகுவது. உள்ளிழுக்கும் மருந்தை ஒழுங்காகக் கொண்டால் பெரும்பாலோர்க்கு அது அடங்கியிருக்கும். ஆனால் தானே ஏறியும் இறங்கியும் வரும் இயல்பு அந்நோய்க்கு உண்டு. ஆகவே, இறங்கும் காலத்தில் எதை உண்டிருந்தாலும் அதற்கே பெருமை சேரும். பத்தியம் 45 நாள், மூன்று ஆண்டு தொடர்ந்து வரவேண்டும் என்கிறார்கள். அத்தனை காலத்தில் பருவமும் மாறும்; நோயும் மாறும். இதை அவளிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அதுவும் அவள் மொழியில். அந்தக் கூட்டத்தில் தமிழும் காதில் விழும் என்பதை மறவாதீர்கள்.

நம் விடுதிகளிலும் இழுப்புள்ள நண்பர்கள் இருக்கிறார்கள். மீனை விழுங்குவதும் விழுங்காததும் அவரவர் விருப்பம். விழுங்கிய மறுநாள் இன்ஹேலரை மேசை இழுப்பறையில் பூட்டி வைப்பதுதான் ஆபத்து. முதல் மழையோடு காற்றில் ஈரமும் பூஞ்சையும் பெருகும் காலமும் அதுவே. இழுப்பு எளிதில் தூண்டப்படும் காலம். பக்கத்து அறையில் இருப்பவர் நள்ளிரவில் பேசவும் முடியாமல் மூச்சுத் திணறினால், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

திடலுக்குப் போய்ப் பார்க்க விரும்புவோர் தொண்டராகப் போவதே நன்று. வந்தோர்க்குச் சோறும் மோரும் தண்ணீரும் தரத் தொண்டு நிறுவனங்கள் பந்தல் போட்டிருக்கும். பரிமாறக் கை குறைவாகவே இருக்கும். முதியோரை வரிசையில் பிடித்து நடத்தவும், தமிழ் மட்டும் தெரிந்தவர்க்கு அறிவிப்பை மொழிபெயர்த்துச் சொல்லவும் நம்மால் இயலும். தொப்பியும் தண்ணீர்க் குப்பியும் உடன் இருக்கட்டும். மழை வரும் நாள் என்று பஞ்சாங்கம் சொன்னாலும் வெயிலுக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே!

மாலையில் கலைக் கல்லூரியின் முன்றில் நிரம்பிவிடும். 1939-இல் திறக்கப்பட்ட அந்தச் செந்நிறக் கருங்கல் மாளிகை, பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இருட்டிய பிறகும் உமிழ்ந்துகொண்டிருக்கும். படியில் உட்கார்ந்தால் தெரியும். மேற்கே முகில் திரண்டால் பேச்சு நின்றுவிடும். சில ஆண்டு அன்றே பெய்யும், சில ஆண்டு பத்து நாள் தாமதிக்கும். இரண்டு நல்ல மழை விழுந்தபின் சலிவேந்திரத்துப் பானைகளை எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் மக்காச்சோளம் சுடுபவரின் தள்ளுவண்டி வந்து நிற்கும்.