தூரமானியும் விரைவு வில்லையும்



மங்கிய ஒளியிலே ஒரு முகத்தைப் படம்பிடிக்க முயன்றோர் யாவரும் ஒரு சங்கடத்தை அறிவர். கமராவின் ஒளிக்கதவை நெடுநேரம் திறந்து வைத்தால், முகம் அசைந்து படம் கலங்கிவிடும். மின்னல்விளக்கைப் பாய்ச்சினாலோ, அவ்விடத்தின் இயல்பான ஒளியே அழிந்துவிடும். எஞ்சியிருப்பது ஒரு வழிதான்: வில்லையின் வாயை அகலத் திறந்து, உள்ள ஒளியை அள்ளிக்கொள்வது. அவ்வாறு மிக அகலமாகத் திறக்கவல்ல வில்லையை ‘விரைவு வில்லை’ என்பர்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், என் முதிய ஆசிரியர் ஒருவரின் பிரியாவிடைக்குச் சென்றிருந்தேன். மாலை வேளையிலே, ஒரு மேசை விளக்கின் ஒளியில் அவர் தமது ஏற்புரையை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மீற்றர் தூரத்தில் நின்று, தூரமானிக் கமராவிலே விரைவு வில்லையை முழுதும் திறந்து, அவர் கண்ணை நோக்கிக் குறி வைத்தேன். இரு பிம்பங்களும் பிசகின்றிப் பொருந்தின. பின்பு விளக்கும் மேசையும் படத்தில் அடங்கும்படி கமராவைச் சற்றே திருப்பி அழுத்தினேன். படச்சுருளைக் கழுவிப் பார்த்தபோது, நெற்றிப்பொட்டின் நரைமயிர்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்களோ புகையினுள் மறைந்தவைபோல் இருந்தன. எட்டுப் படங்கள் எடுத்திருந்தேன், எட்டும் அவ்வாறே. மறு ஆண்டு ஆசிரியர் காலமானார். தூரமானி பொய் சொல்லிற்றா, அன்றி யான் பிழை செய்தேனா என்ற வினா என்னை நெடுங்காலம் வருத்தியது. அதற்கு நான் கண்ட விடையே இன்றைய பேச்சு.

முதலில் வில்லையின் எண்ணைப் பற்றிச் சிறிது சொல்வோம். வில்லையின் குவியத்தூரத்தை அதன் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதே ‘எப்’ எண். 50 மில்லிமீற்றர் வில்லை எப் 2 ஆயின் துவாரத்தின் விட்டம் 25 மில்லிமீற்றர். எப் 1 ஆயின் 50 மில்லிமீற்றர். விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். ஆதலின் எப் 1 வில்லை எப் 2 வில்லையைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும்.

1932 ஆம் ஆண்டிலே, வில்லையோடு இணைந்த தூரமானியுடைய கமராக்கள் ஜேர்மனியில் இரண்டு வெளிவந்தன. ஒன்று லைக்காவின் இரண்டாம் வகை. மற்றது சைஸ் நிறுவனத்தின் கொன்ராக்ஸ். கொன்ராக்ஸுக்காக லுட்விக் பெர்ற்றெலே என்பார் அமைத்த எப் 1.5 சொனார் வில்லை அக்காலத்தில் பெரும் வியப்பை விளைத்தது. பின்னர் யப்பானியரும் இப்போட்டியில் இறங்கினர். 1953 இல் சூனோ எப் 1.1, 1956 இல் நிக்கோர் எப் 1.1, 1961 இல் கனொன் எப் 0.95 என ஒன்றையொன்று விஞ்சும் வில்லைகள் தோன்றின. லைக்கா நிறுவனம் 1966 இல் நொக்ரிலக்ஸ் எனும் பெயரில் எப் 1.2 வில்லையையும், 1970களில் எப் 1 வில்லையையும், 2008 இல் எப் 0.95 வில்லையையும் வெளியிட்டது. எப் 1 இற்கும் எப் 0.95 இற்கும் இடையே கிடைக்கும் மேலதிக ஒளி ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே என்பதையும் இங்கே நினைவில் வைப்பது நன்று.

இனி, தூரமானி எவ்வாறு தொழிற்படுகின்றது? நம் இரு கண்களும் சற்று விலகியிருப்பதாலேயே அருகிலுள்ள பொருளின் தூரத்தை நாம் செவ்வையாக உணர்கின்றோம். தூரமானியும் அவ்வாறே. கமராவின் முகப்பில் இரு சாளரங்கள் உள. இரண்டின் வழியாகவும் வரும் காட்சிகள் நம் கண்ணிலே ஒன்றன்மேல் ஒன்றாக விழும். லைக்காவிலே, வில்லையைத் திருகும்போது அதன் பின்புறத்து வளையம் கமராவினுள் இருக்கும் ஒரு சிறு உருளையைத் தள்ளும். அவ்வசைவு ஒரு நெம்பின் வழியாகச் சென்று, இரண்டாம் பிம்பத்தை நகர்த்தும். இரு பிம்பங்களும் ஒன்றாகப் பொருந்திய கணத்தில் வில்லையும் அத்தூரத்துக்கே அமைந்திருக்கும் என்பது ஏற்பாடு.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. நாம் பார்ப்பது வில்லை காணும் காட்சியன்று. அது பக்கத்துச் சாளரத்தின் காட்சி. வில்லைக்குள் எது கூர்மையாய் விழுகின்றது, எது மங்குகின்றது என்பதை அச்சாளரம் காட்டமாட்டாது. அதில் எல்லாமே தெளிவாகத்தான் தோன்றும். தூரமானி வில்லையின் சார்பிலே பேசுகின்ற ஒரு தூதுவன் எனலாம். தூதுவன் சொல்வதை நம்புவதற்கு முன், அவன் எங்கே தவறக்கூடும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

அளவுகளைப் பார்ப்போம். 50 மில்லிமீற்றர், எப் 1 வில்லையை ஒரு மீற்றரில் அமைத்தால், கூர்மையாகத் தோன்றும் ஆழம் முழுவதும் ஏறக்குறைய 2.3 சென்ரிமீற்றரே. அதாவது குறித்த புள்ளிக்கு முன்னே ஒரு விரலகலம் இல்லை, பின்னேயும் அவ்வளவே. அதே வில்லையை எப் 8 இற்குச் சுருக்கினால் அவ்வாழம் 18 சென்ரிமீற்றர் அளவுக்கு விரியும்.

இவ்வளவு நுண்மையைத் தூரமானி அளக்கவல்லதா? 1954 இல் வெளிவந்த லைக்கா எம் 3 கமராவிலே இரு சாளரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் 68.5 மில்லிமீற்றர். காட்சியின் உருப்பெருக்கம் 0.91. இரண்டையும் பெருக்கினால் பயன்தரும் அடித்தூரம் சுமார் 62 மில்லிமீற்றர் எனக் கிடைக்கும். நமது கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு விலகலை உணரும் எனக் கொண்டால், ஒரு மீற்றரிலே தூரமானியின் பிழை ஐந்து மில்லிமீற்றருக்கும் குறைவு. நமக்குள்ள இடமோ இருபுறமும் பதினொரு மில்லிமீற்றர். ஆகவே கணக்கின்படி தூரமானிக்குத் தகுதி உண்டு. தூரம் கூடக்கூடப் பிழையும் ஆழமும் ஏறக்குறைய ஒரே வீதத்தில் பெருகுவதால், மூன்று மீற்றரிலும் இவ்வுண்மை மாறாது.

அங்ஙனமாயின் என் எட்டுப் படங்களும் கெட்டது எதனால்? பிழை புகும் வாயில்கள் நான்கு.

முதலாவது, கமராவைத் திருப்புதல். வில்லையின் கூர்மை ஒரு தட்டையான சுவர்போல் நம் எதிரே நிற்கும். கண்ணைப் படத்தின் நடுவில் வைத்துத் தூரம் குறித்தபின் கமராவைத் திருப்பினால், அச்சுவரும் உடன் திரும்பும். ஒரு மீற்றரில் பதினைந்து பாகை திருப்பினால், கூர்மைச் சுவர் கண்ணுக்குப் பின்னே 3.4 சென்ரிமீற்றர் தள்ளிப் போய்விடும். நெற்றிப்பொட்டின் நரைமயிர் கூராய் விழுந்ததன் காரணம் இதுவே. பத்துப் பாகை திருப்பினாலே 1.5 சென்ரிமீற்றர் போய்விடும். தூரமானி பொய் சொல்லவில்லை. அது சொன்ன சொல்லை நான் இடம்மாற்றிவிட்டேன். இதற்குப் பரிகாரம் எளிது. கமராவைத் திருப்பாமல், அதனை நேரே பிடித்தபடி உடலைப் பக்கவாட்டில் நகர்த்துக. அன்றேல் முகத்தைப் படத்தின் நடுவுக்கு அண்மையில் அமைத்துக்கொள்க.

இரண்டாவது, நம் உடலின் அசைவு. அசையாமல் நிற்கின்றோம் என எண்ணும்போதும் உடல் முன்னும் பின்னும் ஊசலாடுகின்றது. ஒரு சென்ரிமீற்றர் அசைவே இங்கே முழு ஆழத்தின் ஏறக்குறைய அரைப்பங்கு. சுவரிலோ தூணிலோ சாய்ந்துகொள்ளுதலும், பிம்பங்கள் பொருந்திய அக்கணமே அழுத்துதலும், ஒரு படத்தோடு நில்லாமல் இரண்டு மூன்று எடுத்தலும் நற்பழக்கங்கள்.

மூன்றாவது, கருவியின் ஒழுங்கு. எப் 1 இலே படச்சுருளின் தளம் முன்னோ பின்னோ நூறில் மூன்று மில்லிமீற்றர் விலகினாலே கூர்மை எல்லையைக் கடந்துவிடும். கீழே விழுந்த கமராவும், தேய்ந்த வளையமும் அவ்வளவு விலகுவது அரிதன்று.

நான்காவது, சில வில்லைகளின் இயல்பு. துவாரத்தைச் சுருக்கும்போது கூர்மை சற்றுப் பின்னே நகரும் குணம் சொனார் வகை வில்லைகளில் நன்கு அறியப்பட்டது. முழுத் திறப்பில் பிழையின்றி அமைந்த வில்லை, எப் 2 அல்லது எப் 2.8 இலே பிசகுவதும் உண்டு.

இவற்றை வீட்டிலேயே சோதித்தறியலாம். ஒரு பத்திரிகைத் தாளைப் பலகையொன்றில் ஒட்டி, அதனை நாற்பத்தைந்து பாகை சரித்து வையுங்கள். நடுவே ஒரு வரியை மையினால் அடிக்கோடிடுங்கள். கமராவை முக்காலியில் ஏற்றி, ஒரு மீற்றர் தூரத்திலிருந்து அக்கோட்டைத் தூரமானியால் குறித்து, முழுத் திறப்பில் படமெடுங்கள். பின்பு எப் 1.4, 2, 2.8 என ஒவ்வொன்றாய் எடுங்கள். எந்த வரி கூராய் விழுந்தது என்பதே விடை. கோட்டுக்கு அப்பாலுள்ள வரி கூரெனில் கருவி பின்னே குவிக்கின்றது. இப்பாலுள்ள வரியெனில் முன்னே குவிக்கின்றது. பிழை எப்போதும் ஒரே அளவினதாயின், தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துத் திருத்துவித்தல் வேண்டும்.

வில்லையின் வழியாகவே பார்க்கும் கமராக்கள் பெருகிய பின்னர் இத்தொல்லை எதற்கு என்று சிலர் கேட்கலாம். மங்கிய ஒளியிலே தூரமானியின் இரு பிம்பங்கள் பொருந்துவதைக் கண் எளிதில் உணரும். வில்லை எதுவாயினும் அத்தெளிவு குறையாது. ஆகவேதான் பலர் அதனைக் கைவிடவில்லை. 2006 இல் லைக்காவின் தூரமானிக் கமரா டிஜிற்றல் முறைக்கு வந்தபோது, எடுத்த படத்தை உடனே பெருக்கிப் பார்க்கும் வசதி கிட்டியது. 2012 இல் அறிவிக்கப்பட்ட லைக்கா எம் கமராவிலே, வில்லை காணும் காட்சியையே பின்திரையில் காணும் வசதியும் சேர்ந்தது. தூதுவன் சொல்லைத் தலைவனிடமே கேட்டுச் சரிபார்க்கலாம் என்ற நிலை அதனால் உண்டாயிற்று.

ஆயினும், திரும்பி வாராத ஒரு கணத்தின் முன் நிற்கும்போது சோதனைக்கு நேரமிராது. சோதனையை முன்னரே வீட்டில் செய்து முடித்தல் வேண்டும். அன்று ஒரு தாளையும் ஒரு மாலைப்பொழுதையும் அதற்கென ஒதுக்கியிருப்பேனாயின், என் ஆசிரியரின் கண்கள் இன்று என் மேசைமீது என்னை நோக்கிக்கொண்டிருக்கும்.