பிஸ்கட் சாப்பாட்டில் சேருமா?

தாராவியின் பல வீடுகளில் மாடிக்கு ஏறச் செங்குத்தான இரும்பு ஏணிதான். அதிலிருந்து தவறி விழுந்து உதடு கிழிந்த மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய் ஓடும் இடம், பக்கத்திலேயே உள்ள சயான் மருத்துவமனை. மாநகராட்சியின் லோக்மான்ய திலக் மருத்துவமனையை மும்பைத் தமிழர் அப்படித்தான் சொல்வார்கள். 1964 முதல் அதனுடன் மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது.

துடிக்கும் பிள்ளையின் உதட்டில் எப்படித் தையல் போடுவது? நாலு பேர் கைகாலை அமுக்கிப் பிடித்துத் தைப்பது பழைய வழக்கம். அது கொடுமை என்றே சொல்வேன். அந்தப் பயம் பிள்ளையின் மனதில் வெகுநாள் நிற்கும். அதற்கு மாற்றாக வந்ததுதான் செடேஷன். வலியும் பயமும் தெரியாத அளவுக்கு மயக்கம், ஆனால் மூச்சைப் பிள்ளையே விட்டுக்கொள்ளும்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்களின் ஓராண்டுப் பயிற்சியில் மயக்கவியலுக்கு 2 வாரம் உண்டு. ஊசி போடவும் டியூப் செருகவும் கற்கலாம் என்று ஆவலோடு வரும் பயிற்சி மருத்துவர் முதலில் கற்க வேண்டியது ஒரு கேள்வியை.

“குச் காயா க்யா?” (ஏதாவது சாப்பிட்டானா?) என்று அவர் இந்தியில் கேட்பார். “இல்லை டாக்டர், ஒண்ணும் சாப்பிடலை” என்பார் திருநெல்வேலிப் பக்கத்துத் தாய். அவர் சொல்வது பொய்யில்லை. நமக்குச் சாப்பாடு என்றால் சோறுதானே? அனுபவமுள்ள சீனியர் வேறுவிதமாகக் கேட்பார்: “காலையில எழுந்ததிலிருந்து வாயில என்ன போச்சு? டீ? பால்? பிஸ்கட்?” உடனே கூட வந்த ஆச்சி சொல்வார்: “டீயில ரெண்டு காரி பிஸ்கட் நனைச்சுக் குடுத்தேன், அவ்வளவுதான்.”

அந்த “அவ்வளவுதான்” போதும், உயிருக்கு ஆபத்து வர. விழித்திருக்கும்போது எச்சில் புரையேறினால்கூட இருமித் தள்ளிவிடுகிறோம். மயக்கத்தில் அந்தக் காவல் தளர்ந்துவிடும். இரைப்பையில் இருப்பது மேலே வந்தால் நேரே நுரையீரலுக்குப் போகலாம். அதனால்தான் திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைகளுக்கு முன் வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, மாட்டுப்பாலுக்கும் பிஸ்கட்டுக்கும் 6 என்று இடைவெளி வைத்திருக்கிறார்கள். பால் ஊற்றிய டீயும் பால் கணக்கில்தான் சேரும். அவசரமென்றால் எந்த ஆபத்து பெரியது என்று பார்த்து முடிவெடுப்பார்கள். அந்த முடிவுக்கும் உண்மையான பதில் வேண்டும்.

குழந்தைக்கு மட்டும் ஏன் இத்தனை எச்சரிக்கை? ஒரு கணக்குப் பாருங்கள். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் சுமார் 4 மில்லிமீட்டர் அகலம். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிஞ்சுவது 2. காற்று போகும் பரப்பில் முக்கால் பங்கு அடைபட்டுவிடும். 8 மில்லிமீட்டர் குழாய்க்கு அதே வீக்கம் வந்தால் பாதிகூட அடைபடாது. போதாக்குறைக்கு, கிலோவுக்குக் கிலோ பார்த்தால் குழந்தை பெரியவரைவிடச் சுமார் இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கும். வாய்க்குள் நாக்கு பெரிது. தலையும் பெரிது, மல்லாக்கக் கிடத்தினால் கழுத்து முன்னால் மடங்கும். தோளுக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்தாலே மூச்சு சீராவதைப் பார்க்கலாம்.

உதட்டுத் தையல் போன்ற வேலைக்குப் பெரிதும் உதவுவது கேட்டமைன் என்ற மயக்க மருந்து. 1962இல் கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. இதில் பிள்ளையின் கண் திறந்தபடியே இருக்கும். கருவிழி பக்கவாட்டில் மெல்ல ஆடும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் தாய் பதறிப்போவாள். சொல்லி வைப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

கால்விரலில் செந்நிற ஒளியோடு மாட்டியிருக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஜப்பானியர் டகுவோ ஆவோயாகியின் 1970களின் ஆய்வில் பிறந்தது. ஆக்சிஜன் குறையக் குறைய அதன் ‘பீப்’ ஒலி தாழ்ந்துகொண்டே வரும். ஆனால் முகமூடி வழியே ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு நின்ற பிறகும் சற்று நேரம் எண் நன்றாகவே காட்டும். வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் அதை உடனே சொல்லிவிடும். ஆகவே பயிற்சி மருத்துவரின் கண் திரையில் மட்டும் இருந்தால் போதாது. சட்டையை விலக்கி, மார்பு ஏறி இறங்குகிறதா, தொண்டைக்குழி உள்ளே இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதிகம் ஏமாற்றும் நேரம் தையல் முடிந்த பிறகுதான். ஊசி குத்தும் வலி பிள்ளையை ஓரளவு விழிப்பில் வைத்திருக்கும். வேலை முடிந்து வலி நின்றதும், உள்ளே போன மருந்து அப்படியே இருக்க, மயக்கம் இன்னும் ஆழமாகலாம். எல்லோரும் கையுறையைக் கழற்றும் அந்த நிமிடத்தில், ஒருவர் மட்டும் பிள்ளையைவிட்டு நகரக் கூடாது.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவை உண்டு. ஸ்கேன் எடுக்கப் போகிறோம் என்று தூக்க மருந்தை வீட்டிலேயே கொடுத்துக் கூட்டி வராதீர்கள். வழியில் மூச்சு தடைப்பட்டால் டாக்ஸியில் யார் கவனிப்பது? திரும்பும்போது மடியில் தூங்கும் பிள்ளையின் தாடை நெஞ்சில் மோதாமல் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டானா என்று டாக்டர் கேட்டால், சோற்றை மட்டும் நினைக்காதீர்கள். அந்த இரண்டு பிஸ்கட்டையும் சொல்லுங்கள்.