உங்களுக்குத் தெரியுமா? ‘9எச்’ என்பது பென்சில் கணக்கு!

வீட்டிலேயே காருக்குப் பூசும் செராமிக் கோட்டிங் பாட்டிலில் ‘9எச்’ என்று போட்டிருக்கிறதே, அது வைரத்துக்கு அடுத்த கடினம் அல்ல. பென்சில் சோதனையின் அளவு! 9எச் பென்சிலை 45 டிகிரி சாய்த்து அழுத்தித் தள்ளினாலும் கீறல் விழவில்லை என்பதே பொருள். சாவி கீறும். தெறிக்கும் கல் பெயின்ட்டையே பெயர்க்கும்.

• காய்ந்த பூச்சின் தடிமன் பெரும்பாலும் ஓரிரு மைக்ரான்தான். தலைமுடியோ ஏறக்குறைய 70 மைக்ரான்.

• பழைய கீறல்களை இது போக்காது. முதலில் பாலிஷ்.

• வெயிலில் சூடேறிய பானட்டில் பூசவே பூசாதீர்கள். துடைப்பதற்குள் திட்டுத்திட்டாக இறுகிவிடும். பிறகு பாலிஷ் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

• போர்வெல் தண்ணீரில் கழுவினால் உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். உப்புக்கறை கோட்டிங்கின் மீதும் படியும்.